மோஸ்ட்லி மேடம்

மாடுங்கா ஸ்டேஷனில் நிற்கும்போது யாராவது அவரிடம், "மேடம், இந்த வண்டி குர்லாவுல நிக்குமா?" என்று கேட்டால், "மோஸ்ட்லி நிக்கும்" என்பார். ஸ்லோ வண்டி. குர்லாவில் நிற்காத ஸ்லோ வண்டி கிடையாது. கேட்டவர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நிற்கும் என்னிடம் அதே கேள்வியைக் கேட்பார். "நிக்கும், ஏறுங்க" என்பேன். வண்டி போன பிறகு எனக்கு விளக்கம் வரும்.

"போன மழையில சயான்லயே நிறுத்தி எல்லாரையும் தண்டவாளத்துல எறக்கி விட்டாங்களே சார். அன்னைக்கு அது குர்லாவுல நிக்கலையே?"

எரிச்சலாக இருக்கும். எனக்கு மட்டுமில்லை. நாங்கள் காப்பி குடிக்கும் கடையில் வெயிட்டர் வந்து, "காப்பிதானே மேடம்?" என்றால் அதற்கும் "மோஸ்ட்லி" என்பார். அந்த மனிதர் டம்ளரை வைத்துவிட்டு, இவர் முதல் வாய் குடித்து முடிக்கும்வரை அங்கேயே நிற்பார், மாற்றிக் கொண்டுவரச் சொல்வாரோ என்று. ஒருநாளும் மாற்றச் சொன்னதில்லை. ஜனவரி மாதத்திலும் கையில் குடை இருக்கும். எதற்கு என்றால், "மோஸ்ட்லி மழை வராது சார்" என்பார்.

நாங்கள் இருவரும் உயிரியல் ஆசிரியர்கள். மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் கோச்சிங் கிளாஸ் ஒன்றை நான் மாடுங்காவில், பூக்கடைகளுக்கு மேலே இரண்டாவது மாடியில் நடத்திவந்தேன். அவர் என்னிடம் வேலை பார்த்தார் என்று அப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன். உண்மையில் மரபியலும் மூலக்கூறு உயிரியலும் அவர் சுமந்தவை. கடைசி வாரத்தில் வந்து தேர்வுக்கு வரும் கேள்விகளைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியது நான். பிள்ளைகள் எங்களுக்கு வைத்த பெயர்கள் ஜோடியாகவே இருந்தன: பக்கா சார், மோஸ்ட்லி மேடம்.

அவர் பாடம் நடத்துவதை நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறேன். டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ., அதிலிருந்து புரதம் என்று போர்டில் பெரிய அம்புக்குறிகள் போடுவார். பிள்ளைகள் எழுதி முடித்து நிமிரும்போது, முதல் அம்புக்குக் கீழே, வந்த வழியே திரும்பிப் போகிற மாதிரி புள்ளிப் புள்ளியாக ஒரு சின்ன அம்பு வரைவார்.

"மேடம், அது என்ன?"

"சில வைரஸ் இருக்கு. அதுங்க ஆர்.என்.ஏ.லேர்ந்து டி.என்.ஏ.வுக்குத் திரும்பிப் போகும்."

"எக்ஸாம்ல எதை எழுதறது மேடம்?"

"எக்ஸாம்ல பெரிய அம்பை எழுது. சின்ன அம்பை மறக்காம வச்சுக்கோ."

பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "மேடம், நீங்க எங்களுக்கு மேடமா?" என்பான். வகுப்பே சேர்ந்து, "மோஸ்ட்லி!" என்று கத்தும். அவரும் சிரிப்பார். சிரிக்கும்போது சாக்பீஸ் கையால் வாயைப் பொத்துவதால், வகுப்பு முடிந்து வரும்போது மேலுதட்டில் வெள்ளை மீசை இருக்கும்.

பெற்றோர்கள் என்னிடம் நிச்சயத்தை வாங்கத்தான் வந்தார்கள். எங்கள் விளம்பரப் பலகையில் என் போட்டோவுக்குக் கீழே 'சந்தேகமே வேண்டாம்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. அந்த வாக்கியம் கிளாஸைப் பற்றியதுதான். ஆனால் தினம் அதன் அடியில் நடந்து உள்ளே போகிற ஆளுக்கு அது தன்னைப் பற்றியதாகிவிடுகிறது. அவர் எழுதித் தரும் பாடக்குறிப்புகளை அச்சுக்கு அனுப்புமுன் நான் உட்கார்ந்து அவருடைய 'மோஸ்ட்லி'களை ஒவ்வொன்றாக அடிப்பேன். ரத்த வகைகள் பற்றிய பாடத்தின் முடிவில் அவர் சேர்த்திருந்த ஒரு பத்தியையும் அப்படித்தான் அடித்தேன். "இது கேள்வியில வராது மேடம், பிள்ளைங்க குழம்புவாங்க" என்றேன். அவர் அதிகம் வாதாடவில்லை. "குழம்பினா நல்லதுதான் சார்" என்று மட்டும் சொன்னார்.

வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்திலிருந்த கல்யாண மண்டபத்தில் பெற்றோர் கூட்டம் நடத்துவோம். அன்று வருகிற குடும்பங்களுக்கெல்லாம் இலவசமாக ரத்த வகை பார்த்து, பிளாஸ்டிக் கார்டில் எழுதிக் கொடுப்போம். என் யோசனைதான். வாசலில் ஒரு மேஜை. லேப்காரர் விரலில் குத்தி, வெள்ளை ஓட்டின் மேல் சொட்டு வைத்து, மருந்து கலந்து, குச்சியால் கலக்குவார். ரத்தம் தயிர் மாதிரித் திரிந்தால் ஒரு வகை, திரியாவிட்டால் வேறொரு வகை. ஜனங்கள் அதை மாயாஜாலம் பார்ப்பது போலக் குனிந்து பார்ப்பார்கள்.

பிறகு மேடையில் என் மாயாஜாலம். "அப்பா அம்மா ரெண்டு பேர் ரத்தத்தையும் சொல்லுங்க. பிள்ளைக்கு என்ன வராதுன்னு நான் சொல்றேன்" என்பேன். யாராவது எழுந்து சொல்வார்கள். நான் சொன்னது சரியாக இருக்கும். கைதட்டுவார்கள். மரபியல் என்றால் என்ன என்று ஒரு மண்டபத்துக்கே புரியவைத்துவிட்ட திருப்தி எனக்கு.

அந்த வருடம் எழுந்தவர் தாராவியில் பை தைக்கும் பட்டறை வைத்திருந்த ஒருவர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவருடைய மகள் எங்கள் மாணவி, நன்றாகப் படிக்கிறவள். டாக்டராக வேண்டும் என்று வந்தவள்.

"நான் ஓ, சார். இவளும் ஓ. பொருத்தம் பாத்துல்லா கெட்டி வச்சிருக்காவ!" என்று பக்கத்திலிருந்த மனைவியைக் காட்டினார். அந்த அம்மாள் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். மண்டபமும் சிரித்தது.

"அப்போ உங்க பொண்ணும் ஓ" என்றேன். "ஓவும் ஓவும் சேர்ந்தா ஓதான். வேற எதுவும் வரவே வராது. நூறு சதவீதம். பக்கா!"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "மோஸ்ட்லி."

மண்டபத்தில் இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததைப் பார்த்துப் பெற்றோர்களும் சிரித்தார்கள். நானும்தான். சிரிப்பு அடங்கியதும் அந்தப் பெண்ணைப் பார்த்து, "சொல்லும்மா, கார்டுல என்ன?" என்று கேட்டேன்.

அவள் கார்டை உள்ளங்கைக்குள் வைத்து மூடியிருந்தாள். "ஓ, சார்" என்றாள்.

கைதட்டல். அவளுடைய அப்பாதான் பலமாகத் தட்டினார்.

கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கும்போது மோஸ்ட்லி மேடம் என்னிடம் வந்து, "அந்தப் பொண்ணு பொய் சொன்னா சார். லேப்காரரோட அந்த வெள்ளை ஓட்டுல நான் பாத்தேன். அவளுக்கு பி" என்றார். "மருந்தை மாத்திக் கலந்திருப்பார்" என்றேன். "இருக்கலாம்" என்றார் அவர். அவருக்கு அதையும் மறுக்க வராது.

ரெண்டு நாளில் அந்த அப்பா மாடி ஏறி வந்துவிட்டார். மகளின் பையில் கார்டைப் பார்த்திருக்கிறார். கூடவே மனைவியும் மகளும்.

"தப்பா எடுத்துக்கிடாதீங்க சார். இந்தக் கார்டுல புள்ளைக்கு பி போட்டிருக்கு. நீங்க மேடையில வேற சொன்னீக. கை தட்டுனவன்ல நானும் ஒருத்தன்."

லேப்காரரை வரவழைத்து மூவருக்கும் மறுபடி பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை விரலைச் சிரித்துக்கொண்டே நீட்டிய அந்த அம்மாள் அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினார். அதே முடிவு. அப்பா ஓ, அம்மா ஓ, மகள் பி.

"பக்காவா சொல்லுங்க சார். இது நடக்குமா, நடக்காதா?"

இந்த இடத்தை நான் பலமுறை வேறு மாதிரிச் சொல்லியிருக்கிறேன். அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை, வேலை நெருக்கடி, மறந்துவிட்டேன் என்று. இப்போது எழுபது தாண்டிய பிறகு எழுதுகிறேன்: ஞாபகம் வந்தது. நான் அச்சிலிருந்து அடித்த அந்தப் பத்தி, அவருடைய சாய்ந்த கையெழுத்தோடு என் கண்ணுக்கு முன்னால் நின்றது.

அதில் இருந்தது இதுதான். ஏ, பி என்ற அடையாளங்கள் ரத்த அணுவின் மேல் நேராக ஒட்டுவதில்லை. ஒட்டுவதற்கு ஹெச் என்றொரு பிடிமானம் வேண்டும். மிக அபூர்வமாகச் சிலருக்குப் பிறவியிலேயே அந்தப் பிடிமானம் கிடையாது. அவர்களிடம் பி வகைக்கான மரபணு இருந்தாலும் வெளியே தெரியாது. சாதாரணச் சோதனையில் ஓ என்றே காட்டும். ஆனால் அந்த மரபணு பிள்ளைக்குப் போகும். பிள்ளைக்குத் தாயிடமிருந்து பிடிமானம் கிடைத்துவிட்டால், தகப்பனிடம் ஒளிந்திருந்த பி பிள்ளையிடம் வெளிப்பட்டுவிடும். முதன்முதலில் இந்த ஊரில் கண்டுபிடித்ததால் அதற்கு உலகம் முழுக்கப் பம்பாய் ரத்த வகை என்றே பெயர். ரத்த உறவுக்குள் கட்டிக்கொள்ளும் குடும்பங்களில் அது தலைகாட்ட வாய்ப்பு கூடுதல்.

எல்லாம் தெரிந்தும், "புத்தகப்படி நடக்காது" என்றேன்.

ஏன் என்றால், அட்மிஷன் நேரம். ஒரு மண்டபம் நிறைய ஜனங்களுக்கு முன்னால் சொன்ன வார்த்தை. அதைவிடக் கேவலமான காரணமும் ஒன்று உண்டு. மனதுக்குள் நான் அந்த அம்மாளைச் சந்தேகப்பட்டேன். என் பாடத்தைச் சந்தேகப்படுவதைவிட அது சுலபமாக இருந்தது.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். மகள் சுவரில் ஒட்டியிருந்த செல் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த அம்மாள் விரல் நுனியில் ஒட்டியிருந்த பஞ்சைப் பிய்த்தெடுத்து, போடுவதற்கு இடம் தெரியாமல் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு படி இறங்கிப் போனார்.

அடுத்த அறையில் வகுப்பு முடித்து வந்த மோஸ்ட்லி மேடத்திடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன்.

"ஒரு வார்த்தை சேத்துச் சொல்லியிருக்கக் கூடாதா சார்?"

"அது எத்தனை பேருக்கு இருக்கும் மேடம்?"

"எத்தனை பேருக்குங்கறது பாடம். இவருக்கு இருக்கா இல்லையாங்கறதுதானே கேள்வி?"

அந்த வாரத்திலிருந்து அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் தாராவிக்குப் போக ஆரம்பித்தார். நான் கேட்காமலேயே திங்கட்கிழமை ஸ்டாஃப் ரூமில் சொல்வார். கீழே ஒரு தகரக் கடை. அதன் பக்கவாட்டில் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி, பிடித்துக்கொள்ள மேலிருந்து தொங்கும் கயிறு. மேலே ஒரே அறை. பாதி பட்டறை, பாதி வீடு. இரண்டு தையல் மெஷின்கள் எதிரெதிரே. ஒன்றில் அவர், ஒன்றில் அந்த அம்மாள். நடுவில் ஜிப் சுருள்களும் ரெக்சின் துண்டுகளும். கார்டைப் பார்த்த நாளிலிருந்து அவர் மனைவியிடம் நேராகப் பேசுவதில்லை. அறையில் யார் இருக்கிறார்களோ அவர்கள் மூலம்தான். "அந்தக் கத்தரிக்கோலை எடுக்கச் சொல்லு." "சோறு போடச் சொல்லு." மேடம் போயிருக்கும்போது மேடத்திடம்: "மேடத்துக்கு டீ போடச் சொல்லுங்க மேடம்." அடிக்கவில்லை, துரத்தவில்லை. மெஷின்களுக்கு நடுவில் கால் நீட்டக்கூட இடமில்லாத அந்த அறையில், எதிரே உட்கார்ந்திருப்பவளை இல்லாதவளாக்கி வைத்திருந்தார்.

ஒரு திங்கட்கிழமை மேடம் ஸ்டாஃப் ரூம் போர்டில் அவர்களுடைய வம்சப் படத்தை வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். சொந்தத்துக்குள் கல்யாணம் என்றால் நடுவில் இரட்டைக் கோடு போடுவது வழக்கம். அந்த மனிதரின் அப்பா கட்டியது சொந்த அக்கா மகளை. இவர் கட்டியது அத்தை மகளை. போர்டு முழுக்க இரட்டைக் கோடுகள்.

"பாருங்க சார். பிடிமானம் இல்லாத மரபணு ரெண்டு பக்கத்துலேர்ந்தும் இவருக்கு வந்து சேர எத்தனை வழி இருக்கு. பம்பாய் வகைன்னு சந்தேகப்படறதுக்கு இந்தப் படமே போதும்." பிறகு சாக்பீஸால் ஒரு வட்டத்தைத் தொட்டார். "இது அந்த அம்மா. அம்மா வீட்டுக்குப் போயிருக்கலாமேன்னு கேட்டேன். என்ன சொன்னாங்க தெரியுமா? 'எங்க அம்மை வீடும் அவுகளுக்கு அத்தை வீடுதான மேடம். எந்தக் கதவத் தட்டினாலும் அவுக சொந்தக்காரந்தான தெறப்பான்'ங்கறாங்க." அந்த வட்டத்திலிருந்து கோடுகளை ஒவ்வொன்றாகத் தொடர்ந்துகொண்டே போனார். எல்லாம் சுற்றி அதே சதுரத்துக்குத் திரும்பி வந்தன. போர்டை அழிக்காமல் வகுப்புக்குப் போய்விட்டார். நான்தான் அழித்தேன்.

அந்த மனிதரின் ரத்தம் கொஞ்சம் கிடைத்தால் போதும், பெரிய ஆஸ்பத்திரி லேபில் ஹெச் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். மேடம் அவருக்கு விதவிதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறார். பட்டறையில் கிடந்த பையையே எடுத்துக் காட்டி, "பக்கிள் இருக்கு, அதை மாட்டற வளையம் இல்லேன்னா பக்கிள் வெளியில தெரியுமா?" என்று கேட்டாராம். "வளையம் இல்லாம நான் பை தைக்க மாட்டேன் மேடம்" என்றாராம் அவர்.

கடைசியில் ஒருநாள் அந்த மனிதர் பிடிவாதம் தளர்ந்திருக்கிறார். "நீங்க நல்லவங்கதான். ஆனா உங்க பேச்சுல பிடி இல்லியே மேடம். இருக்கலாம், இல்லாமலும் போகலாம்ங்கறீங்க. பக்கா சார் இங்க வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும். அன்னைக்கே ரத்தம் குடுக்கேன்."

அதை என்னிடம் வந்து சொன்னபோது மேடம் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "நீங்க வந்தா போதும் சார். ஒரு வார்த்தை."

அட்மிஷன் முடியட்டும் என்றேன். பிறகு தேர்வு முடியட்டும் என்றேன். பிறகு ரிசல்ட். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் சொல்லாமல் நானாகவே போனேன். சந்துக்குள் விசாரித்து, அந்த ஏணியின் அடிவரை போய்விட்டேன். மேலே ரெண்டு மெஷின்களும் மாறி மாறி ஓடும் சத்தம் கேட்டது. தகரக் கடைக்காரர், "யாரைப் பாக்கணும்? கயித்தப் பிடிச்சு ஏறுங்க, ஒண்ணும் ஆகாது" என்றார். "தப்பான சந்து" என்று சொல்லிவிட்டு மாஹிம் பக்கம் நடந்து போய் வண்டி ஏறினேன். இதை மோஸ்ட்லி மேடத்திடம் நான் சொன்னதே இல்லை.

அவரைப் பற்றி நல்லதாகவே எழுதிக்கொண்டு போகிறேன் என்று தோன்றுகிறது. அவருடைய குணத்தால் அவரும் ஒரு தப்புச் செய்தார். அவரே என்னிடம் சொன்னதுதான்.

ஒருநாள் வீட்டுக்காரர் சரக்கு எடுக்கத் தாதர் போயிருந்த நேரத்தில், அந்த அம்மாள் மெஷினை நிறுத்திவிட்டு இவரைக் கேட்டிருக்கிறார். "மேடம், நீங்களாவது என்னை நம்புதீங்களா?"

 இவர், "டெஸ்ட் பண்ணாம என்னால எதையும் சொல்ல முடியாதும்மா" என்று சொல்லியிருக்கிறார்.

"நம்பினேன் சார்" என்றார் என்னிடம். "ஆனா வாய் வரலை. நம்பறது வேற, தெரியறது வேறன்னு இத்தனை வருஷமா பிள்ளைங்களுக்குச் சொல்லிச் சொல்லி..." முடிக்காமல் குடையைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகும் அவர் போவதை நிறுத்தவில்லை. ஆனால் அந்த அம்மாள் அவருக்கு டீ போடுவதை நிறுத்திவிட்டார். மேடம் ஒரு ரெக்சின் கட்டின் மேல் உட்கார்ந்து, யாரும் பேசாத அறையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு இறங்கி வருவாராம்.

மகள் எங்கள் கிளாஸிலிருந்து நின்றுவிட்டாள். கணக்கு வழக்குப் படிப்புக்கு மாறிக்கொண்டாள். கட்டிய பீஸில் மீதியை வாங்க வந்தபோது, "பயாலஜியை விடாதம்மா" என்று சொன்னேன். "நீங்க சொல்லி ஒருவாட்டி நம்பிட்டோம் சார்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். மான்குர்தில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படிப்பதாகக் கேள்விப்பட்டேன். அப்பா அவள் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால் அந்த ஏற்பாடு.

இரண்டு மழைக்காலங்கள் அப்படிப் போயின. மூன்றாவது மழையில் அந்த மனிதர் ஏணியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷனுக்கு ரத்தம் வேண்டும். ஆஸ்பத்திரியில் ஓ வகை ரத்தப் பைகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தார்கள். எதுவும் சேரவில்லை. எந்த ஓவைக் கலந்தாலும் அவர் ரத்தம் அதைத் திரிய வைத்தது. ரத்த வங்கிக்காரர்கள் சந்தேகப்பட்டு ஹெச் சோதனை செய்தார்கள். பம்பாய் வகை. மான்குர்தில் இருந்த தம்பிக்கும் அதே வகை என்று தெரிந்து, அவர் ரத்தத்தை ஏற்றி ஆபரேஷன் செய்தார்கள். ரத்த வங்கி டாக்டர்தான் பேச்சுவாக்கில் சொன்னாராம்: "உங்க பிள்ளைங்க ரத்தம் ஓவா இருக்கணும்னு இல்ல, ஏ, பின்னு என்ன வேணா இருக்கலாம். பயப்படாதீங்க."

வீட்டுக்கு வந்ததும் அந்த மனிதர் எனக்கு ஆள் அனுப்பினார். நான் மோஸ்ட்லி மேடத்தோடு போனேன். இந்தமுறை கயிற்றைப் பிடித்து ஏறினேன்.

அவரை நாற்காலியோடு தூக்கி மேலே ஏற்றியிருந்தார்கள். மெஷின் இருந்த இடத்தில் ஒரு கட்டில் போட்டுப் படுக்கவைத்திருந்தார்கள். எதிர் மெஷினில் அந்த அம்மாள் ஜிப் தைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். நிறுத்தவில்லை.

"சார், இவ முன்னால நீங்க சொல்லுங்க" என்றார் அவர். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. "யார் மூலமாச் சொன்னாலும் காதுல வாங்க மாட்டேங்கா. நீங்க வாத்தியாரு. நீங்க சொல்லித்தான இதெல்லாம்..." 

நான் சொன்னேன். பிடிமானம், மரபணு, ஒளிந்திருப்பது, வெளிப்படுவது. அந்த அறையில் என் குரல் எனக்கே வகுப்புக் குரலாகக் கேட்டது. அன்று நான் சொன்னதில் விட்டுப்போன பகுதி இது, தவறு என்னுடையது, என்னை மன்னிக்க வேண்டும் என்றேன். மெஷின் நின்றது. அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

"சார், இப்ப நீங்க சொல்லுதது பக்காவா?"

 அவர் கேட்டது நியாயமான கேள்வி. கறாராகச் சொன்னால், அந்த மனிதருக்குப் பம்பாய் வகை என்பதால் மகள் அவருக்குப் பிறந்திருக்கத் தடையில்லை என்று மட்டும்தான் ஆகிறது. அவருக்குத்தான் பிறந்தாள் என்று அந்தச் சோதனை நிரூபிக்கவில்லை. இத்தனை நாள் பட்ட பிறகு நான் கவனமாகப் பேசக் கற்றுக்கொண்டிருந்தேன். 'அப்படி இருக்க எல்லா வாய்ப்பும் இருக்கு' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"பக்கா" என்றார் மோஸ்ட்லி மேடம்.

திரும்பிப் பார்த்தேன். குடையை ரெண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"பக்காம்மா. நூறு சதவீதம். ஒரு சந்தேகமும் இல்ல."

அந்த அம்மாள் ஜிப்பை மறுபடி கையில் எடுத்தார்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்லா மேடம்" என்றார். "நீங்கதான் எல்லாரும் சேர்ந்து இப்பக் கண்டுபிடிச்சிருக்கீக."

கட்டிலிலிருந்து அவர், "ஏட்டி, இங்க பாரு" என்றார். எத்தனையோ நாளுக்குப் பிறகு மனைவியிடம் நேராகச் சொன்ன வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். "ஏட்டி, இங்கன பாரேன்."

அந்த அம்மாள் பார்க்கவில்லை. ஜிப்பை நேராக்கி ஊசிக்கு அடியில் வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"சார், மாத்திரைக்கு நேரமாச்சு. அவுகளப் போட்டுக்கிடச் சொல்லுங்க."

கட்டிலில் இருந்தவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு கை நீளம்கூட இல்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் சொன்னேன். "மாத்திரை போட்டுக்கச் சொல்றாங்க."

மோஸ்ட்லி மேடம் இப்போது கோயம்புத்தூரில் தங்கையோடு இருக்கிறார். நம்பர் என்னிடம் உண்டு. செம்பூரில் என் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து சில நாள் அதை எடுத்துப் பார்ப்பேன், பேசுவதில்லை. அன்று அந்த அறையிலிருந்து முதலில் இறங்கியது அவர்தான். நான் பின்னால் இறங்கினேன். அந்த ஏணியில் சாதாரணப் படிக்கட்டு போலத் திரும்பி இறங்க முடியாது. முகத்தை வீட்டின் பக்கம் வைத்துக்கொண்டு, காலால் பின்னால் துழாவித் துழாவித்தான் இறங்க வேண்டும். என் தலை அந்த அறையின் தரைக்குக் கீழே போகும்வரை மெஷின் மேல் குனிந்த அந்த அம்மாளின் தலையும், அதையே பார்த்துக்கொண்டு மாத்திரையைக் கையில் வைத்திருந்த அந்த மனிதரும் தெரிந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.